தனித்தட்டு

மாவு மில்லுக்குப் போய்ப் பழகிய எவருக்கும் இது தெரியும். மிளகாய் ஓடிய மிஷினில் கையோடு இடியாப்ப மாவு அரைக்கக் கூடாது. "அண்ணாச்சி, முன்னால என்ன ஓடுச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கை இறக்கி வைப்போம். அவரும் ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டி, சிவந்து வருகிற மாவைத் தள்ளிவிட்டுப் பிறகுதான் நம் அரிசியைக் கொட்டுவார். கண்ணுக்குத் தெரியாத காரம்கூட அடுத்த மாவைக் கெடுத்துவிடும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கறிக்குழம்புக் கரண்டி சாம்பாரில் பட்டுவிட்டால் இலையை மூடி எழுந்துவிடுவார்கள். அதையும் யாரும் அதிகப்படி என்று சொல்வதில்லை.

அதே மில்லில் "முன்னால கோதுமை ஓடுச்சா?" என்று நான் கேட்டால் மட்டும் பின்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கோதுமை என்ன விஷமா என்று ஒருவர் கேட்டே விட்டார்.

என் மகளுக்கு விஷம்தான். அவளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளம்பி அவளுடைய சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. அலர்ஜியைப் போல உடனே தடித்துச் சிவந்து காட்டிக்கொடுக்கவும் செய்யாது. இரத்தசோகை, வளர்த்தி இல்லாமை, தீராத அசதி என்று வேறு வேறு முகம் காட்டும். இரும்புச்சத்து டானிக்குகளைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்துத் தீர்த்த பிறகுதான் ஒரு டாக்டர் அதற்கான இரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். (சந்தேகம் இருப்பவர்கள் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் இரத்தத்தில் தெரியாமலே போகலாம்.) இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. காலத்துக்கும் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே வைத்தியம்.

கோதுமைதான் காரணம் என்று கண்டுகொள்ளவே உலகத்துக்கு வெகுகாலம் பிடித்தது. வில்லெம் டிக்கெ என்ற டச்சுக் குழந்தை மருத்துவருக்கு 1930களிலேயே அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரின் நடுவே, நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தது. ஊரே பட்டினியால் வாடியபோது இந்த நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். டிக்கெ விடாமல் ஆராய்ந்து 1950இல் தன் ஆய்வேட்டில் கோதுமையைக் குற்றவாளி என்று நிறுவினார். அதற்கு முன் எத்தனையோ தாய்மார்கள் பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டியிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அளவுதான் பெரிய சிக்கல். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போனாலே சில மாதங்களில் குடல் பழுதாவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒரு ரொட்டித் துண்டில் இருப்பதோ 2 கிராமுக்கும் மேல். ஆக, "ஒரு வாய்தான" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. நம் ஊர் அன்போ முழுக்க முழுக்க அந்த ஒரு வாயில்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் இந்த நோயின் பெயரே பலருக்குத் தெரியாததற்கும் காரணம் உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு இந்த நோய். தெற்கே, வேலூர்ப் பக்கம், 0.10 பேருக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு இருந்தது. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஆள் ஒன்றுக்கு நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். நம்மைக் காப்பாற்றி வந்தது அரிசிச் சோறு. இன்று ரேஷனில் கோதுமை, சர்க்கரைக்காரர்களுக்கு ராத்திரி சப்பாத்தி, தெருமுனையில் பரோட்டா. அந்த 25 கிராம் அப்படியே நிற்காது. இனி இந்த நோய் நம் வீடுகளிலும் கூடுதலாகத் தெரியவரும் என்றே நினைக்கிறேன்.

சமையலைப் பொறுத்தவரை நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். குளூட்டன் இல்லாத ரொட்டி பொங்கி வர மேல்நாட்டில் என்னென்னவோ பொடிகளைச் சேர்க்கிறார்கள். நம் இட்லி அரிசியையும் உளுந்தையும் வைத்தே தலைமுறை தலைமுறையாகப் பொங்கி வருகிறது. புட்டு, இடியாப்பம், ஆப்பம், கொழுக்கட்டை, உளுந்தங்களி, கேழ்வரகுக் கூழ், தினை, சாமை, வரகு என்று வருஷம் முழுக்கச் சமைக்கலாம். திருநெல்வேலிக் கல்யாண வீடுகளின் சொதிச் சாப்பாடு இவளுக்கென்றே செய்தது போலிருக்கும். தேங்காய்ப்பால், சிறுபருப்பு, காய்கள், இஞ்சி, பச்சைமிளகாய், இறக்கியபின் எலுமிச்சை. குளூட்டன் நுழைய அதில் வழியே இல்லை.

ஆனால் சாம்பாரில் நுழைந்துவிடுகிறது, பெருங்காயம் வழியாக. சுத்தமான பெருங்காயப் பாலின் காட்டம் தாங்க முடியாதது. அதனால் அதைப் பிசினும் மாவும் சேர்த்துத் தணித்து, கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தலைமுறையாக அந்த டப்பாவைத் திறந்து மூடும் கைகளில் எத்தனை பேர் அதைப் படித்திருப்போம்? சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், முறுக்கு என்று எல்லாவற்றிலும் அது விழுகிறது. "அரிசியும் பருப்பும்தான, இதுல என்ன கோதுமை?" என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்தப் பொடி எழுத்தைத்தான் காட்டுவேன். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, தேடினால். கிடைக்காத நாளில் பூண்டைத் தட்டிப் போட்டு, சீரகத்தைக் கூட்டிவிடுகிறேன். ரசம் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

இதையெல்லாம் கற்றுக்கொள்வது பெரிய காரியமே இல்லை. அவளை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

நோய் தெரிந்ததும் எல்லாரும் சொன்ன யோசனை, அவளுக்குத் தனித்தட்டு, தனி டம்ளர், தனிச் சமையல். எனக்கு மனசு ஒப்பவில்லை. தனிக் குவளைக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. டீக்கடையில் ஒரு சாராருக்கென்று வேறு குவளை வைத்த கொடுமையைக் கண்ணால் கண்டவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். துளி பட்டாலும் ஆகாது என்கிற கறாரை நம் சமூகம் எப்போதோ கற்றுக்கொண்டது. அதை மனுஷரை ஒதுக்குவதற்கு அல்லவா செலவழித்தது? அந்தக் கறாரை என் பெண்ணின் குடலுக்காகக் கேட்கும்போது, அவள் தட்டை ஒதுக்கி வைக்கிற வடிவில் அது வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

எனவே கோதுமையை ஒதுக்கினோம். அடுப்பங்கரையில் இருப்பதெல்லாம் எல்லாருக்கும் பொது, எல்லாமே அவளுக்கு ஆகக்கூடியவை. அவள் அப்பாவின் ராத்திரிச் சப்பாத்திக்குப் பின்கட்டில் ஒற்றை அடுப்பு, அதற்கென்று ஒரு கல், பலகை, குழவி, துணி. அவரே தேய்த்து, அவரே சுட்டு, அவரே கழுவி வைத்துவிடுவார். பொரித்த எண்ணெயிலும் அதே ஒழுங்கு, பூரி போட்ட எண்ணெயில் அப்பளம் கிடையாது. பந்தியில் எங்களோடு சேர்ந்து உட்கார்ந்து, பாத்திரத்தில் கரண்டியை விட்டு அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். எடுக்கலாமா என்று யாரையும் கேட்கத் தேவையில்லாத ஓர் இடம் அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தாக வேண்டும்.

வாசலுக்கு வெளியே கேட்காமல் முடியாது. எங்கள் ஊர் அல்வா ஊர். கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யுமாகக் கிளறுவது. வருகிறவர்கள் நெல்லையப்பர் கோயில் பக்கம் வரிசையில் நின்று சூடாக வாங்கி வருவார்கள். "ஒரு விரக்கடைதான மதினி, பிள்ளை ஏங்கிப் போயிரும்லா" என்பார்கள். அது அன்புதான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வற்புறுத்துகிற அன்பு, எதிரே இருப்பவரின் உடம்பைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமலே நடக்கக்கூடியது. கல்யாணப் பந்தியில் "வேண்டாம்" என்று கையை மறித்த பிறகும் கேசரியைப் போட்டுவிட்டுப் போவதை உபசாரம் என்று இத்தனை காலம் நாம் பாராட்டிவிட்டோம்.

என் நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் விசேஷம் என்றால் முந்தின நாளே போன் செய்வாள். "மதினி, புளி, உப்பு, மிளகாத்தூள் சரி. இந்தப் பெருங்காய டப்பாவுல என்ன எழுதிருக்குன்னு வாசிக்கேன், கேளுங்க" என்று ஒவ்வொன்றாக வாசிப்பாள். மிளகாய்த்தூள் எந்த மில்லில் அரைத்தது என்பது வரைக்கும் சொல்வாள். பரிமாறும்போது வற்புறுத்தவே மாட்டாள். என் மகள் அங்கே மட்டும்தான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

பாளையங்கோட்டையில் அவளுக்குக் கிறிஸ்தவத் தோழிகள் நிறைய. அப்படித்தான் எனக்கு இந்த விஷயம் தெரியவந்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பம் கோதுமையால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது. 2017இல் வத்திக்கான் அதை மறுபடி எழுதி உறுதிப்படுத்தியது. ஆனாலும் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு. அதுவும் ஆகாதவர்கள் திராட்சரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். அத்தனை பழைய சடங்கே இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறதே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

இந்த வருஷம் அவள் கல்லூரிக்குப் போகிறாள், ஹாஸ்டல். மெஸ் பொறுப்பாளரைப் போய்ப் பார்த்தேன். பாவம், அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், "பிள்ளைக்குத் தனியா ஒரு மேசை போட்டு, தனியாச் சமைச்சுக் குடுத்திருவோம்மா." வேண்டாம் ஐயா என்றேன். பூரி, சப்பாத்தி போடுகிற நாளில் அவளுக்கு இட்லி போதும், இட்லிக்குக் கை கழுவிவிட்டு வேறு கரண்டி எடுத்தால் போதும். மற்ற நாளில் மொத்தச் சமையலுக்கும் பெருங்காயத்தை மட்டும் மாற்றிவிடுங்கள், எல்லாப் பிள்ளைகளும் அதையே சாப்பிடட்டும், ருசியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். மாசத்துக்கு எத்தனை கிலோ ஆகும், எங்கே கிடைக்கும், விலை என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். டப்பாவைக் கொண்டுவந்து காட்டுங்கள், சமையல் மாஸ்டரையும் கூப்பிடுகிறேன் என்றார். திங்கட்கிழமை போகிறேன்.