கண்ட அளவும் சொன்ன அளவும்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் பழமொழி. ஆயினும் நீதிமன்றத்தில் ஒருவர் விரல் நீட்டி 'இவரையே கண்டேன்' என்று கூறிவிட்டால், வேறு சான்று எதற்கு என்றே மனம் எண்ணுகிறது. குற்றம் நிகழ்ந்த வேளையில் தாம் வேறிடத்தில் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கூறும் மறுப்பினை வழக்கறிஞர்கள் 'அலிபி' என்பர். கண்டவர் சொல்லும் இம்மறுப்பும் எதிரெதிரே நிற்குமாயின் எதனை ஏற்பது? பொய்யாமையை அணுவிரதமாகக் கொண்ட இல்லறத்தார் சிந்திக்க வேண்டிய வினா இது.

ஸ்காட்லாந்து நாட்டு வழக்கொன்று இதனை நன்கு விளக்கும். 1908 டிசம்பர் 21 அன்று மாலை 7 மணியளவில், கிளாஸ்கோ நகரில் மரியன் கில்கிறிஸ்ட் என்னும் 82 வயது மூதாட்டி தம் இல்லத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். நாளிதழ் வாங்கச் சென்று திரும்பிய பணிப்பெண், உள்ளிருந்து ஒருவன் வெளியேறுவதைக் கண்டார். தெருவில் ஓடிய ஒருவனை 14 வயதுச் சிறுமி ஒருத்தியும் கண்டாள். வைர அணி ஒன்றை அடகு வைத்தமையால் ஆஸ்கார் ஸ்லேட்டர் என்னும் ஜெர்மானிய யூதர் மீது ஐயம் விழுந்தது. அவ்வணி மூதாட்டியுடையதன்று என்பது விரைவில் தெளிவாயிற்று. எனினும் ஐயம் அகலவில்லை.

ஸ்லேட்டர் அப்போது அமெரிக்கா சென்றிருந்தமையால் சாட்சிகள் நியூயார்க்கிற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அடையாளம் காட்டுமுன்னரே அவருடைய நிழற்படம் அவர்களுக்குக் காட்டப்பட்டது. முகத்தைக் காணவில்லை, நடையைக் கொண்டே அறிவதாக அங்கே கூறிய பணிப்பெண், 1909 மே மாதம் எடின்பரோ விசாரணையில் முகத்தின் ஒரு பக்கத்தைக் கண்டதாகக் கூறினார். நாள் செல்ல நினைவு மங்குவது இயல்பு. இங்கோ உறுதி வளர்ந்தது.

அவ்வேளையில் ஸ்லேட்டர் வீட்டில் உணவருந்தினார் என்று உடன் வாழ்ந்த பெண்ணும் வீட்டு வேலைக்காரியும் சான்று பகர்ந்தனர். அச்சொல் எடுபடவில்லை. அவர் சூதாட்டத்தில் பழகியவர். மனைவியல்லாத பெண்ணுடன் வாழ்ந்தவர். மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் குற்றமற்றவர் என்னும் கொள்கை, இத்தகையவருக்குப் பிறரைப் போல் முழுமையாகப் பொருந்தாது என்னும் கருத்துப்பட நீதிபதியே ஜூரிகளுக்கு உரைத்தார். 15 ஜூரிகளுள் 9 பேர் குற்றவாளி என்றனர். தூக்கிலிடுவதற்கு இரண்டு நாள் முன்பு தண்டனை ஆயுள் சிறையாயிற்று.

அந்நாட்டில் குற்றவியல் மேல்முறையீட்டு மன்றம் 1926-இல்தான் அமைந்தது. எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் முதலியோரின் முயற்சியால் வழக்கு மீண்டும் எழுந்தது. 18 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து 1927-இல் வெளிவந்த ஸ்லேட்டர் மீதான தீர்ப்பு, 1928 ஜூலையில் நீக்கப்பட்டது. நீதிபதியின் அறிவுரை தவறு என்பதே காரணம். சாட்சிகளின் கண் பிழைத்தது என்று மன்றம் கூறவில்லை. ஆனால் அன்றைய சிறுமி 1927-இல், 'போன்றவர்' என்று சொல்லவிருந்த தம்மை 'அவரே' என்று சொல்லப் பயிற்றினர் எனத் தெரிவித்திருந்தார்.

'போன்றவர்' என்பதற்கும் 'அவரே' என்பதற்கும் உள்ள இடைவெளியில் ஒரு மனிதரின் வாழ்நாள் சிக்கிக்கொண்டது. தத்துவார்த்த சூத்திரம் மதிஞானத்தை அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என நான்காகப் பகுக்கிறது. முதலில் பொறி பற்றுகிறது, பின் மனம் ஆராய்கிறது, அதன்பின் துணிகிறது, துணிந்ததை நினைவில் இருத்துகிறது. ஆராய்தல் முற்றுமுன் பிறர் காட்டிய படம் துணிவைத் தந்துவிட்டால், நினைவில் தங்குவது எவருடைய காட்சி?

பொய் கூற எண்ணாதவர் பொய்யர் ஆவரோ என்று கேட்கலாம். பொய்யாமை விரதம் கருத்தளவில் நின்றுவிடுவதன்று. விழிப்பற்ற மனமொழி மெய்ச் செயலையே நம் ஆசாரியர்கள் இம்சைக்கு வேராகக் காட்டினர். கண்ட அளவைக் கடந்து சொல்லும் சொல்லும் அத்தகையதே. சியாத்வாதம் தடுமாற்றமன்று, எந்நிலையில் நின்று கண்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் நேர்மை.

இவ்வாறு ஒவ்வொருவரும் தயங்கினால் கொலைஞர் தப்பாரோ, கொலையுண்டவருக்கு நீதி வேண்டாவோ என்னும் கேள்வியும் நியாயமானதே. அலிபியும் பொய்யாகலாம், உற்றார் பரிந்து பேசுவதும் உண்டு. ஆதலின் வாய் மூடுவது அறமாகாது. கண்டவர் கண்டதைச் சொல்லியே ஆகவேண்டும். கண்ட அளவில் சொல்ல வேண்டும். கேட்பவரும் சொல்பவரின் ஒழுக்கத்தையும் குலத்தையும் எடைபோடாது, அவர் அறிந்திருக்கக் கூடியது எவ்வளவு என்பதையே எடைபோட வேண்டும். பிழையான தண்டனை இறந்தவருக்கு நீதி தருவதன்று. இன்னோர் உயிரை வாட்டுவதே ஆகும்.

நீதிமன்றக் கூண்டில் ஏறுவோர் நம்மில் சிலரே. எனினும் 'அவன்தான் செய்தான்' என்னும் சொல் நம் இல்லங்களிலும் ஊர்க்கூட்டங்களிலும் நாள்தோறும் எழுகிறது. அனைத்தையும் முற்றக் காண்பவர் கேவலஞானியர் மட்டுமே. நாம் கண்டது சிறிதாயின், சொல்வதும் அச்சிறிதளவே ஆகுக.