பொந்து

உயரம் கூடிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே நிமிர்த்திச் சாத்திய மரப்பட்டை, அடியில் கொஞ்சம் ஈரமண், ஒரு மூடியில் தண்ணீர், பக்கவாட்டில் காற்றுத் துளைகள். மரத்தில் வாழும் பெருஞ்சிலந்தியை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படித்தான் வளர்க்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பாலை மரப் பொந்து ஒன்றைக் காசு கொடுத்துக் கட்டுகிற வேலை.

அந்தப் பொறுமையை நான் குறைவாக நினைக்கவில்லை. குஞ்சுக்குப் பழ ஈ, வளர்ந்ததற்குக் கரப்பான். தோலுரிக்கும் நாள் நெருங்கினால் சிலந்தி தின்னாது. போட்ட கரப்பானை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், புதுத்தோல் இறுகுமுன் கரப்பானே அதைக் கடித்துவிடும். மல்லாந்து கிடந்துதான் தோல் உரிக்கும். செத்துப் போயிற்றென்று தூக்கி எறிந்த புதியவர்களும் உண்டாம்.

*

அப்படி வளர்க்கப்படும் பெருஞ்சிலந்திகளில் பொசிலோதேரியா என்ற பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. திருகோணமலையில் நாங்கள் புலிமுகச் சிலந்தி என்போம், கண்டதும் தும்புத்தடியைத் தேடுவோம்.

வளவின் பின்மூலைப் பாலையில் ஒன்று இருக்கிறது. டோர்ச்சை நேரே அடித்தால் உள்ளே போய்விடும். பக்கத்து இலையில் வெளிச்சம் விழுகிற மாதிரிப் பிடித்தால், பொந்தின் விளிம்பில் இரண்டு முன்கால்கள் தெரியும். சாம்பலும் கறுப்புமாகப் பட்டையோடு பட்டையாய் இருக்கும். மிரண்டு காலைத் தூக்கும்போதுதான் அடிப்பக்கத்து மஞ்சள் தெரியும். அதற்கு மேல் கிட்டப் போகக் கூடாது. அமெரிக்கச் சிலந்திகளைப் போல உரோமம் உதறாது; கடிக்கும். கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் விடாது.

"தம்பி, பொந்துக்குச் சீமெந்து அடைச்சு விடுங்கோவன். பிள்ளையள் விளையாடுற இடமெல்லே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் கேட்டது நியாயம்தான். மாரி தொடங்கிப் பொந்துக்குள் தண்ணீர் இறங்கினால் சிலந்தி வீட்டுச் சுவருக்கும் வரும். ஊஞ்சலை மாமரத்துக்கு மாற்றிக் கட்டினோம். பொந்து அப்படியே இருக்கிறது.

*

2009இல் வடக்கே மாங்குளம் பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் செத்த ஆண் சிலந்தி ஒன்றை ஆய்வாளர்களிடம் கொடுத்தார். யுத்தம் முடிந்த கையோடு அந்தப் பக்கத்தில் தேடித் திரிவது லேசான காரியமில்லை. கூடப்போய் உதவிய பொலிஸ் அதிகாரி ராஜகுமார் புராஜாவின் பெயரால் 2012இல் பொசிலோதேரியா ராஜேயி புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. பழைய மரங்களில் வாழ்வது. மரம் குறைந்ததால் மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டொக்டர் குவார்ட்டர்ஸிலும் கிடைத்தது.

2018இல் அமெரிக்கா இலங்கையின் ஐந்து இனங்களை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு முழுப் பேரினத்தையும் இரண்டாம் பின்னிணைப்பில் போட்டது. சிலந்தி அடைத்த பார்சலைத் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ மறிக்க இவை உதவும். விறகுக்கும் வீதி அகலிப்புக்கும் விழுகிற பாலைக்கு இவற்றால் என்ன?

பெட்டியில் பெருகியவை இருக்கின்றனவே, காடு போனாலும் சிலந்தி போகாது என்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஆண் முதிர்ந்து ஓராண்டளவில் சாகும். பெண் பத்தாண்டுக்கு மேலும் இருக்கும். அதனால் ஓர் ஆணைப் பல வீடுகளுக்கு இரவல் அனுப்புகிறார்கள். நெருங்கிய இனங்கள் பெட்டிக்குள் கலந்தும் விடுகின்றன. தாய் எந்தக் காட்டுக்காரி, தகப்பன் எந்தக் காட்டுக்காரன் என்று சீட்டு எழுதி வைக்காத குஞ்சை எந்த மரத்தில் கொண்டுபோய் விடுவது?