கண்டெடுத்தவர் யார்?

கொலம்பஸ் 1492இல் அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார்கள். கண்டுபிடித்தானாம்! அவன் கால் வைக்கும் முன்பே அங்கே ஊர் இருந்தது, உழவு இருந்தது, உற்றார் உறவினர் இருந்தனர், பாட்டும் கூத்தும் இருந்தன. அந்த மண்ணில் பிறந்து அந்த மண்ணிலேயே மடிந்த மக்கள் அதைக் கண்டது கணக்கில் சேரவில்லை. கப்பலேறி வந்தவன் கண்டது மட்டும் வரலாறாயிற்று!

நாட்டுக்கு நேர்ந்த இந்த அநீதி, ஓவியனுக்கும் நேர்வதுண்டு. அரண்மனை ஆதரவு கிடையாது. கலைக்கழகத்தின் சான்றிதழ் கிடையாது. சீமான்களின் சிபாரிசு கிடையாது. தன் கையையும் கருவியையும் மட்டுமே நம்பி, மரத்திலும் உலோகத்திலும் செதுக்கி, மலிவுத் தாளில் அச்சிட்டு, தெருவிலே விற்றுப் பிழைக்கிறான் ஓர் ஓவியன். வண்டிக்காரர் வாங்குகிறார், காய்கறி விற்கும் அம்மையார் வாங்கிச் சுவரில் ஒட்டுகிறார். பல்லாயிரவர் கண்டு களித்த பின்னும், அவன் 'கண்டெடுக்கப்படாத' கலைஞன்தான். அவன் மறைந்த பிறகு பெரிய மனிதர் ஒருவர் வந்து, "ஆகா!" என்று வியந்தால், அன்றுதான் அவன் பிறந்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது.

உண்மையில் கண்டெடுத்தவர் யார்? கண்டெடுப்பது என்றால் என்ன? கண்டெடுத்தவருக்கு உள்ள கடமை என்ன? இவை ஓவியம் பற்றிய கேள்விகள் மட்டுமல்ல. அறம் பற்றிய கேள்விகள்.

மெக்சிகோ நாட்டில் ஹொசே குவாதலூப்பே போசாதா என்று ஓர் ஓவியர் இருந்தார். 1852இல் அகுவாஸ்கலியேந்தஸ் நகரில், ரொட்டி சுடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். இளமையிலேயே அச்சுக்கூடத்தில் தொழில் பழகினார். 1871இல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், உள்ளூர் ஏடொன்றில் அரசியல் கேலிப்படம் தீட்டினார். பின்னர்த் தலைநகருக்குக் குடியேறி, அந்தோனியோ வனேகாஸ் அரோயோ என்னும் பதிப்பாளருக்காகப் படங்கள் செதுக்கித் தந்தார்.

அந்தப் பதிப்பாளர் வெளியிட்டவை தோலட்டை போட்ட பெருநூல்கள் அல்ல. ஒரே தாளில் அச்சிட்ட செய்திகள், கொலைக் கதைகள், காதல் பாட்டுகள், சமையல் குறிப்புகள், கேலிப் பாடல்கள். விலை, சில செந்தாவோ; நம் ஊர்க் கணக்கில் காலணா, அரையணா என்று வைத்துக்கொள்ளலாம். முன்னாளில் நம் சென்னையில் குஜிலிக் கடைகளிலே கொலைச் சிந்தும் தெம்மாங்கும் விற்றார்களே, அதற்கு உடன்பிறப்பு என்று சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதோர் மிகுந்திருந்த நாட்டில், அந்தத் தாளில் இருந்த படமே செய்தி. பாட்டு அதற்குத் துணை.

போசாதா எழுத்து வார்க்கும் உலோகத்தில் உளி கொண்டு செதுக்கினார். வேலை குவிந்தபோது, துத்தநாகத் தகட்டில் அமிலம் அரிக்காத மையினால் வரைந்து, வரையாத பகுதியை அமிலத்தில் கரைத்துவிடும் விரைவான முறையைக் கையாண்டார். காலையில் நடந்த நிகழ்ச்சி, ஆறிப்போகும் முன் படமாக வேண்டும். இல்லையேல் தாள் விற்காது, அடுப்பும் எரியாது!

அவர் பெயரை உலகெங்கும் கொண்டுபோனவை எலும்புக்கூட்டுப் படங்கள். இறந்தோரை நினைவுகூரும் நாளையொட்டி மெக்சிகோவில் வெளியாகும் கேலித்தாள்களில், சீமானும் எலும்புக்கூடு, சேவகனும் எலும்புக்கூடு. தளபதியும் எலும்புக்கூடு, தெருப்பெருக்குபவனும் எலும்புக்கூடு! தோலைப் பார்த்துத் தரம் பிரித்த சமுதாயத்துக்கு, தோலை உரித்துக் காட்டினார் போசாதா. எந்த எலும்பு உயர்ந்த குலம், எந்த எலும்பு தாழ்ந்த குலம்? சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்காமல் கேட்டார்.

அவற்றுள் ஒன்று, தம் கடைசி ஆண்டுகளில் அவர் செதுக்கிய மண்டையோட்டு மங்கை. இறகும் மலரும் அடுக்கிய பெரிய ஐரோப்பியத் தொப்பி. அதன் கீழே இளிக்கும் பற்கள். தன் இனத்தை மறைத்து, தன் மக்களை இகழ்ந்து, அயலான் ஆடையில் பெருமை தேடிய கூட்டத்தைக் குத்திக்காட்டிய படம் அது. போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சியிலே பாரிஸ் நாகரிகமே நாகரிகம் என்று மேட்டுக்குடி மயங்கிக் கிடந்த காலம். மெக்சிகோ மட்டுமா அந்த மயக்கத்தில் கிடந்தது? பாட்டியின் மொழியைப் பேச நாணுகின்ற கூட்டம் எந்த நாட்டில்தான் இல்லை!

1913 ஜனவரி 20இல் போசாதா மறைந்தார். ஏழையாக மறைந்தார். கட்டணமில்லாக் கல்லறையில் இடம் கிடைத்தது, அதுவும் நிலைக்கவில்லை. உரிமை கோர ஆளில்லாததால், ஏழாண்டு சென்றபின் எலும்புகளைத் தோண்டிப் பொதுக்குழியில் சேர்த்துவிட்டனர். எலும்புகளுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்று வாழ்நாளெல்லாம் வரைந்தவரின் எலும்புக்கு, தனியே ஓர் அடி மண் கிடைக்கவில்லை.

பிறகு 'கண்டெடுப்பு' நிகழ்ந்தது. பாரிசில் பிறந்து 1921இல் மெக்சிகோ வந்த ஷான் ஷார்லோ என்னும் ஓவியர், தெருவில் விற்ற தாள்களைப் பார்த்து, இதைச் செதுக்கிய கை யாருடையது என்று தேடினார், 1925இல் எழுதினார். 1930இல் தியேகோ ரிவேராவின் முன்னுரையோடு படங்கள் நூலாயின. 1947இல் ரிவேரா தீட்டிய பெரிய சுவரோவியத்தில், மண்டையோட்டு மங்கையின் ஒரு கை போசாதாவின் கையோடு கோத்திருக்கிறது; மறு கை சிறுவனாக வரைந்துகொண்ட ரிவேராவையே பிடித்திருக்கிறது.

ஷார்லோ செய்தது நல்ல தொண்டு, ஐயமில்லை. பெயரற்றுப் போகவிருந்தவருக்குப் பெயரை மீட்டுத் தந்தார். ஆனால் 'கண்டெடுத்தார்' என்னும்போது நாம் சற்று நின்று நினைக்க வேண்டும். அவருக்கு முன்பே செந்தாவோ கொடுத்து வாங்கினானே கூலிக்காரன், அவன் கண்ணில்லாதவனா? பிற்காலத்தில் பேரோவியராய் விளங்கிய ஓரோஸ்கோ, சிறுவனாய்ப் பள்ளிக்குப் போகும் வழியில், போசாதா வேலை செய்வதைக் கடையின் கண்ணாடி வழியே நின்று பார்த்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவனுக்கு எந்தக் கலைக்கழகம் வழிகாட்டியது? எந்தப் பண்டிதர் பொழிப்புரை சொன்னார்? கண் பார்த்தது, மனம் நின்றது. அதுதான் கண்டெடுப்பு!

"பெரியோர் சொன்னார், ஆகவே உண்மை" என்பதை ஏற்க மறுப்பவர் நாம். அப்படியானால், "அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், ஆகவே கலை, தெருவில் விற்கிறார்கள், ஆகவே குப்பை" என்பதை மட்டும் எப்படி ஏற்கலாம்? சாத்திரத்தைச் சோதிக்கும் அறிவு, சித்திரத்தின் முன் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடுகிறார்: "போசாதா புனிதர் படங்களையும் செதுக்கினாரே! அற்புதம் நிகழ்ந்தது, பேய் பிடித்தது என்னும் தாள்களுக்கும் படம் போட்டாரே! அவரையா புகழ்வது?"

ஆம், செதுக்கினார். மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் நாமும் புராணம் எழுதுகிறவர் ஆவோம். பதிப்பாளர் கேட்டதைச் செய்து கொடுத்துக் கூலி வாங்கிய தொழிலாளி அவர். அவருடைய எலும்புக்கூட்டுப் படத்தில் உள்ள உண்மையைப் போற்றுவோம். பேய்க்கதைத் தாளில் உள்ள பொய்யைப் பொய் என்போம். மனிதனை மனிதனாகப் பார்ப்பதே பகுத்தறிவு. புதிய தெய்வம் ஒன்றைச் செய்து பீடத்தில் ஏற்றுவது அன்று. தன்னுரிமை என்பது பிறவியிலேயே முழுதாகக் கிடைத்துவிடும் பொருளல்ல. வயிற்றோடு போராடி, வரி வரியாக வென்றெடுக்கும் பொருள்.

ஓவியனைக் காணாமல் விடுவது ஒரு கொடுமை. கண்டு அஞ்சி எரிப்பது வேறொரு கொடுமை. அதற்கு வங்காளம் சான்று.

சித்தபிரசாத், 1915இல் வங்காளத்து நைஹாட்டியில் பிறந்தவர். பட்டாச்சார்யா என்னும் சாதிப்பட்டம் அவருக்குப் பிறப்பால் ஒட்டியிருந்தது. சாதியை மறுத்தவராதலால், அந்தப் பட்டத்தை உதறி எறிந்து வெறும் சித்தபிரசாத் ஆனார். பெயரின் வாலை வெட்டுவதன் பொருள் நம் வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை!

1943இல் வங்கத்தைப் பஞ்சம் தின்றது. முப்பது லட்சம் பேர் வரை மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. போர்க்கால ஆட்சியின் போக்கும், பதுக்கலும், ஏறிய அரிசி விலையும் சேர்ந்து கொன்ற மக்கள் அவர்கள். 1942 அக்டோபர்ப் புயலில் ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்த மிதுனாப்பூர் மாவட்டத்தில், சித்தபிரசாத் ஊர் ஊராகச் சென்றார். கையில் மையும் தாளும். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களை வரைந்தார். பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதை எண்ணிப் பாருங்கள்! அரசாங்கத்தின் ஏட்டிலே அவர்கள் எண்ணிக்கை. ஓவியனின் தாளிலே அவர்கள் மனிதர்கள்.

அந்தப் படங்களும் குறிப்புகளும் 'பசித்த வங்கம்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் சிறு நூலாயின. ஐயாயிரம் படிகள். வெள்ளையர் ஆட்சி அவற்றைப் பறித்துத் தீயிலிட்டது. பீரங்கியும் போர்க்கப்பலும் வைத்திருந்த பேரரசு, மைக்கோட்டுக்கு நடுங்கிற்று! தப்பிப் பிழைத்த ஒரு படியைக் குடும்பத்தார் காத்து வைத்திருந்தனர். அதைக் கொண்டு 2011இல் மறுபதிப்பு வந்தது. இடையில் அறுபத்தெட்டு ஆண்டுகள்! சித்தபிரசாத்தோ பின்னாளில் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாமல், பம்பாயின் அந்தேரியில் எளிய அறையில் வாழ்ந்து, மரத்திலும் லினோலியத்திலும் உழைக்கும் பிள்ளைகளின் முகங்களைச் செதுக்கி, 1978இல் மறைந்துவிட்டார்.

காலம் கடந்து கண்டெடுப்பது ஒரு வழி. எரிப்பதற்காகக் கண்டெடுப்பது ஒரு வழி. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைக் காட்டியவர் சீன எழுத்தாளர் லூ ஷுன்.

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்னும் அம்மையார், நெசவாளர் எழுச்சியைப் படத் தொகுதியாக்கினார். 1898இல் பெர்லின் கண்காட்சியில் அதற்குத் தங்கப்பதக்கம் தரவேண்டும் என்று நடுவர்கள் பரிந்துரைத்தனர். மன்னர் வில்லியம் மறுத்துவிட்டார். ஏழை நெசவாளிக்கு மன்னன் கையால் பதக்கமா, என்ன பேச்சு! முதல் உலகப்போரில் மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய், பின்னர் மரத்தில் செதுக்கிய படங்களுள் ஒன்றின் பெயர் 'பலி'. கைக்குழந்தையை ஏந்தி நீட்டுகிறாள் ஒரு தாய்.

1931 பிப்ரவரியில் லூ ஷுனின் இளம் நண்பரான எழுத்தாளர் ரோ ஷி சுட்டுக் கொல்லப்பட்டார். அழுது எழுதவும் தடை இருந்த நேரம். லூ ஷுன், கோல்விட்ஸின் 'பலி'யை ஓர் இலக்கிய ஏட்டில் வெளியிட்டார். பெர்லினில் ஒரு தாய் செதுக்கிய துயரம், ஷாங்காயில் கொல்லப்பட்ட மகனுக்குக் கண்ணீராயிற்று. அதோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், ஜப்பானிய ஆசிரியர் ஒருவரை அழைத்து, பதின்மூன்று இளைஞர்களுக்கு ஆறு நாள் மரச்செதுக்குப் பயிற்சி நடத்தினார். ஆசிரியர் சொன்னதைச் சீனத்தில் பெயர்த்துச் சொன்னவர் லூ ஷுனே! ஒரு கத்தி, ஒரு பலகை, கொஞ்சம் மை, போதும். பெரிய எந்திரம் வேண்டாம், பெரிய மனிதரின் தயவும் வேண்டாம். அந்தச் சிறு வகுப்பிலிருந்து சீனத்தின் புதிய மரச்செதுக்கு இயக்கம் கிளர்ந்தது. 1936இல், தாம் மறைந்த அதே ஆண்டில், கோல்விட்ஸின் படங்களைத் தொகுத்து நூலாகவும் தந்துவிட்டுச் சென்றார்.

கண்டார், காட்டினார், கற்பித்தார். பிறர் கண்ணையும் திறந்துவிடுவதல்லவா உண்மையான கண்டெடுப்பு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ஓவியத்தை ஒருவன்தான் வைத்திருக்க முடியும். அச்சுப்படமோ பலருக்கு உரியது. ஒரு பலகையிலிருந்து நூறு குடிசைக்குப் படம் போகும். ஆயினும் சந்தை என்ன செய்கிறது? இத்தனை படிதான் என்று எண் இடுகிறது. பிறகு தகட்டின் குறுக்கே கீறி, இனி ஒரு படியும் எடுக்க முடியாமல் செய்துவிடுகிறது. விளைந்த நெல்லைக் கடலில் கொட்டி விலையை ஏற்றுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அவசரப்பட வேண்டாம். எண் இடுவதால்தான் ஓவியனுக்கு இரண்டு வேளைச் சோறு கிடைக்கிறது என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. "படம் மலிவாக வேண்டும், மக்களுக்குப் போக வேண்டும்" என்று முழங்கிவிட்டு, வரைந்தவனைப் பட்டினி போடுவது அறமாகாது. போசாதாவின் படம் மலிவாகவே மக்களிடம் போயிற்று. அவரோ பொதுக்குழிக்குப் போனார். மலிவு என்பது ஓவியனின் வயிற்றில் கை வைத்துப் பெறுவதாக இருக்கக்கூடாது. ஆயிரம் பேர் சிறுதொகை கொடுத்தால், தகட்டைக் கீறவும் வேண்டாம், சீமானைத் தேடவும் வேண்டாம்.

ஆகவே தோழர்களே, கண்டெடுப்போர்க்கு நான் காணும் கடமை மூன்று. முதலாவது, பிறர் சொல்லும்வரை காத்திராமல் உங்கள் கண்ணால் பாருங்கள். புத்தகக் கண்காட்சியின் மூலையில், சிற்றிதழின் அட்டையில், துண்டறிக்கையின் ஓரத்தில், பெயர் தெரியாத ஒரு கை வரைந்த கோடு உங்களை நிறுத்தினால், நில்லுங்கள். இரண்டாவது, பெயரைக் கேளுங்கள். கேட்டதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். மூன்றாவது, பாராட்டோடு பணத்தையும் கொடுங்கள். இலவசமாகக் கேட்டு வாங்குவதை ஆதரவு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இறந்தபின் சிலை, இருக்கும்போது பசி. இதுதான் உலகம் ஓவியனுக்கு இதுவரை எழுதித் தந்த ஒப்பந்தம். அதைக் கிழித்தெறிய அரசாணை தேவையில்லை. திறந்த கண்ணும், சட்டைப்பையில் நாலு காசும், வாங்கிய படத்தை அண்டை வீட்டுக்காரரிடம் காட்டும் மனமும் போதும். போசாதாவின் தாளைத் தெருவில் வாங்கிய அந்தப் பெயரற்ற கூலிக்காரன் பார்க்கவும் தெரிந்தவன், கொடுக்கவும் தெரிந்தவன். நூறாண்டுக்குப் பின்னும் அவனிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அவன் பெயரை எந்த நூலும் எழுதவில்லை. ஆனால் முதலில் கண்டெடுத்தவன் அவனே!