கட்டிய பல் யாருடைய பல்?

வாயில் நிலையாகக் கட்டப்பட்ட பல் மனிதனின் உறுப்பா, அல்லது உறுப்பின்மீது ஒட்டி வைத்த ஒரு பொருளா? கேட்பதற்குச் சிறு கேள்வியாகத் தோன்றும். ஆனால் கடமையான குளிப்பு நிறைவேறுவதும், அல்லாஹ்வின் படைப்பை மாற்றிய குற்றம் வருவதும் வராததும், மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் செய்ய வேண்டியதும் இதற்குச் சொல்லும் பதிலைச் சார்ந்தே இருக்கின்றன.

பழனி, திண்டுக்கல் வட்டாரங்களிலும் பழனி மலையின் அடிவார ஊர்களிலும் வாழும் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவை. காயல்பட்டினம், கீழக்கரை மக்கள் ஷாஃபிஈகள். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈகளிடம் சுன்னத்து. ஹனஃபிகளிடமோ அது ஃபர்ளு. ஆகவே "கேப் போட்ட பல்லுக்குள் தண்ணீர் போகவில்லையே, என் குளிப்பு கூடுமா?" என்று கடற்கரை ஊர்க்காரர் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. நம் பக்கத்துப் பெண்கள் கவலைப்படுகிறார்கள். பல்லைக் கட்டிவிட்டு வந்து, ஒவ்வொரு குளிப்பின்போதும் மனம் உறுத்தி அழுகிற தாய்மார்களும் உண்டு.

இதற்கு முன்னோர்களின் நூல்களில் அடிப்படை இல்லாமல் இல்லை. சொத்தைப் பல்லின் குழியில் உணவு சிக்கியிருந்தால் குளிப்பு கூடுமா என்பதை துர்ருல் முக்தார் பேசுகிறது. நீரைத் தடுக்கும் அளவு கெட்டியான பொருளானால் அதை அகற்ற வேண்டும் என்ற சொல்லையே அதன் ஆசிரியர் சரியானதாகக் காட்டுகின்றார். இதை மட்டும் படித்துவிட்டு, கேப்பும் கெட்டிதானே, ஆகவே குளிப்பு கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. சிக்கிய உணவு ஒரு குச்சியால் போய்விடும். கேப்போ அப்படியன்று. மருத்துவர் பல்லைச் சுற்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவு சீவி, அதன்மேல் உறையைச் சிமெண்டு வைத்து ஒட்டிவிடுகிறார். அதைக் கழற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே சீவப்பட்டு நிற்கும் பல் இனி வெளிப்புறமே அன்று, அது உட்புறமாகிவிட்டது. முறிந்த எலும்புக்குக் கட்டிய கட்டின்மேல் மஸஹு செய்தால் போதும் என்று சொன்ன ஷரீஅத், மார்க்கத்தில் அல்லாஹ் சிரமத்தை வைக்கவில்லை என்று ஸூரத்துல் ஹஜ்ஜில் கற்பிக்கப்படும் ஷரீஅத், ஒரு பெண்ணைக் குளிப்புக்குக் குளிப்பு பல் வைத்தியரிடம் அனுப்பி வைக்குமா? கேப்பின் மேற்புறத்தில் தண்ணீர் பட்டால் போதும். குளிப்பு கூடும். கழற்றி மாட்டும் பல்செட்டு விஷயம் வேறு: அது உறுப்பன்று, கழற்றிவிட்டே கொப்பளிக்க வேண்டும்.

கொடைக்கானல்வாசிகள் இதில் இன்னொன்றையும் அறிவார்கள். கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டருக்கு மேல், மார்கழி, தை மாதத்துச் சுப்ஹில், எனாமல் தேய்ந்த பல்லில் குழாய்த் தண்ணீர் பட்டால் கூச்சம் மண்டைவரை ஏறும். சிரமமான வேளையிலும் ஒளுவை நிறைவாகச் செய்வதைப் பாவங்களை அழிக்கும் செயல்களில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியது உண்மை. ஆனால் சிரமத்தைத் தேடிப் போகும்படி அவர்கள் சொல்லவில்லை. வெந்நீர் வைத்துக்கொள்ளலாம், பல்லுக்கு உறையும் போட்டுக்கொள்ளலாம்.

இனி, படைப்பை மாற்றுவது பற்றி. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்கள் சபிக்கப்பட்டதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கின்றது. அதிலுள்ள "அழகுக்காக" என்ற சொல்லை நாம் விட்டுவிடக் கூடாது. சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறையை நீக்கவோ அவ்வாறு செய்தால் குற்றமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமுக்கான விரிவுரையில் தெளிவாகவே எழுதியிருக்கின்றார்கள்.

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இதற்குத் துணையாக நிற்கிறது. அறியாமைக் காலத்தில் குலாப் என்ற போரில் அவர்கள் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள். அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. பின்பு தங்கத்தில் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே ஏவினார்கள். இதை அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகியோர் பதிவு செய்துள்ளனர். ஆணுக்குத் தங்கம் ஹராமாக இருந்தும் இங்கே தேவை அதைத் திறந்துவிட்டது. ஆனால் பல்லை இறுக்கிக் கட்டும் விஷயத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வெள்ளியோடு நிறுத்திக்கொண்டார்கள். இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் தங்கத்தையும் அனுமதித்தார்கள். நான் முந்திய சொல்லின் பக்கம் சாய்கிறேன். செராமிக்கும் ஸிர்கோனியாவும் கிடைக்கும் இந்நாளில், சிரிக்கும்போது மின்ன வேண்டும் என்பதைத் தவிர ஓர் ஆண் தங்கப்பல் கட்டுவதற்கு வேறு காரணம் அரிது.

நம் அடிவாரத்தில் கஷ்டமான கேள்வி வேறொன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்துப் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தவர்களுக்கு, முளைக்கும் பல்லே பழுப்புக் கறையோடு முளைக்கிறது. எந்தப் பற்பொடியாலும் அது போகாது. அந்தப் பெண்ணுக்குத் திருமணப் பேச்சு வருகிறது. வெனீர் ஒட்டிக்கொள்ளலாமா? அது அழகுக்காகவா, குறைக்காகவா?

பிறந்தது முதல் அப்படித்தான் இருக்கிறது, ஆகவே அது படைப்பு என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியன்று. பல் உருவாகும் வயதில் கிணற்று நீர் செய்த காயம் அது. காயத்தின் வடுவை மறைப்பது அர்ஃபஜா (ரலி) அவர்கள் மூக்கை வைத்ததைப் போன்றது. ஆனாலும் இலேசான வெள்ளைப் புள்ளிகளுக்காக நல்ல பல்லைச் சீவிக்கொள்வதை நான் ஆகுமானது என்று சொல்ல மாட்டேன். சீவிய எனாமல் மீண்டும் வளராது. உடல் அமானிதம்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். தாமாக முன்வந்து அறிவிக்க வேண்டிய குறையாக இதை நான் கருதவில்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பையனின் பல்லை யாரும் விளக்கைப் பிடித்துப் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பிரிட்ஜ் போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. விழுந்த ஒரு பல்லுக்காக இரு பக்கத்து நல்ல பற்களைச் சீவுகிறார்கள். ஒரு தீங்கை அதற்கு ஒப்பான தீங்கால் நீக்கலாகாது என்பது ஃபிக்ஹின் விதிகளில் ஒன்று. பக்கத்துப் பற்கள் முன்பே பழுதானவை என்றால் பேச்சில்லை. நல்லவை என்றால், வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் கடமை. மருத்துவரிடம் என்றேன், சந்தையில் பெட்டி வைத்து அரைமணி நேரத்தில் பக்கத்துப் பல்லோடு பிளாஸ்டிக்கை ஒட்டிவிடுகிறவரிடம் அன்று. வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்த்தவன் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பாளி என்பது நபிமொழியின் கருத்து.

அந்த வேறு வழிதான் இம்ப்ளாண்ட். ஸ்வீடன் நாட்டு பிரானெமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியத் திருகைப் பதித்தார். சில மாதங்களில் எலும்பு அந்த உலோகத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. இடையில் சதை கூட இருப்பதில்லை. நம் இமாம்களுக்கு இந்த ஆசை புதிதன்று. விழுந்த பல்லின் இடத்தில் இறந்தவரின் பல்லை வைப்பது வெறுக்கத்தக்கது, அறுக்கப்பட்ட ஆட்டின் பல்லை வைக்கலாம் என்று ஹிஜ்ரி 587இல் மறைந்த காஸானீ (ரஹ்) அவர்கள் பதாயிஉஸ் ஸனாயிஃயில் எழுதியிருக்கின்றார்கள். ஐரோப்பாவிலோ 1815 வாட்டர்லூ போரில் இறந்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கிப் பல்செட்டுச் செய்து விற்றார்கள்.

இம்ப்ளாண்டில் கேட்டறிய வேண்டியது ஒன்றுண்டு. தாடை எலும்பு தேய்ந்திருந்தால் எலும்புத் தூளும் மெல்லிய சவ்வும் வைக்கிறார்கள். அவற்றில் மாட்டிலிருந்து எடுத்தவை உண்டு, பன்றியிலிருந்து எடுத்தவையும் உண்டு, செயற்கையானவையும் உண்டு. எது என்று முன்கூட்டியே கேளுங்கள். மருத்துவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. அடைக்கும் பொருளையும் கேட்கலாம்: பழைய வெள்ளி நிற அடைப்பில் ஏறக்குறையப் பாதி பாதரசம். 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசத்தால் நெடுங்காலம் துன்பப்பட்ட கொடைக்கானல் மக்களுக்கு அதன் பெயரே போதும்.

மையித்தின் வாயில் பல்செட்டு இருந்தால் குளிப்பாட்டுமுன் கழற்றி வாரிசுகளிடம் கொடுத்துவிட வேண்டும். கேப்பையும் இம்ப்ளாண்டையும் தொடக் கூடாது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, எலும்பே பற்றிக்கொண்ட ஒன்றைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. தங்கமாக இருந்தாலும் சரி, விலை எவ்வளவானாலும் சரி, அது அவரோடு கபுருக்குப் போகட்டும்.