மறுமொழி இல்லாக் காதலும் மூவடிக் கவிதையும்

அன்பு செலுத்தும் உரிமை மாந்தர் அனைவர்க்கும் உண்டு. செலுத்திய அன்புக்கு ஈடாக அன்பைப் பெறும் உரிமை எவர்க்கேனும் உண்டா? கடன் கொடுத்தவன் திருப்பிக் கேட்கலாம். விதைத்தவன் விளைச்சலை எதிர்பார்க்கலாம். நெஞ்சைக் கொடுத்தவன் இன்னொரு நெஞ்சைக் கேட்டுப் பெறலாமா? ஒருதலைக் காதலைப் பாடும் கவிஞர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, இவ்வினாவுக்கு ஒரு விடையைச் சொல்லிவிடுகின்றனர்.

கிரேக்கப் புராணக் கதைகளை எடுத்துக்கொண்டு ஒருதலைக் காதலை ஹைக்கூ வடிவில் பாடுவோர் இன்று உளர். மேலைக் கடலோரத்துத் தொல்கதையும் கீழைக் கடலோரத்துக் குறுங்கவிதையும் இணையும் இம்முயற்சி முதற்பார்வைக்கு ஒட்டாத ஒட்டாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கினால், அந்தக் கதைகள் எழுப்பும் அறவினாவுக்கு இந்த வடிவமே தக்க விடையாக அமைவதைக் காணலாம்.

துரத்தும் காதல்

கிரேக்கர் வழங்கிய காதற்கதைகள் பலவற்றை இன்றைய உலகம் அறிந்திருப்பது பெரிதும் ரோமானியக் கவிஞர் ஓவிட் வாயிலாகத்தான். கி.பி. 8ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற 'உருமாற்றங்கள்' என்னும் அவரது 15 பகுதி கொண்ட பெருநூலில் அவை நிரல்பட வருகின்றன.

அவற்றுள் முதலில் எண்ணத்தக்கது அப்பல்லோ, டாப்னி கதை. காதற்கடவுளின் வில்லை அப்பல்லோ எள்ளி நகையாடினான். சினந்த காதற்கடவுள் பொன்னம்பை அவன் நெஞ்சிலும் ஈய அம்பை டாப்னியின் நெஞ்சிலும் எய்தான். பொன்னம்பு பட்டவன் காதலித்தான். ஈய அம்பு பட்டவள் வெறுத்தோடினாள். அவன் விடாது துரத்தினான். பிடிபடும் வேளையில் ஆற்றுத் தெய்வமாகிய தன் தந்தையிடம் அவள் காப்பு வேண்டினாள். உடனே மெல்லுடல் மரப்பட்டையாயிற்று, கூந்தல் இலையாயிற்று, விரைந்தோடிய கால்கள் வேராக ஊன்றின. லாரல் மரமாக நின்ற அவளைத் தழுவிய அப்பல்லோ, மனைவியாக முடியாதவள் இனித் தன் மரமாவாள் என்றான். அவன் பெயரால் டெல்பியில் நடந்த விளையாட்டு விழாக்களில் வென்றோர்க்கு லாரல் இலைமுடியே சூட்டப்பட்டது.

அவன் அவ்வாறு சொன்னபோது மரத்தின் கிளைகள் தலையசைப்பது போல் அசைந்தன என்று ஓவிட் கதையை முடிக்கிறார். அந்த அசைவு இசைவுதானா? மரத்துக்கு வாய் இல்லை. காற்றோ எப்போதும் உண்டு. உயிரோடு ஓடியபோது அவள் சொன்ன மறுப்பைக் கேளாத காது, மரமான பின் கிளையசைவை மட்டும் உடன்பாடாகக் கேட்கிறது. வேட்கை மிகுந்தவன் எதையும் தனக்கு ஏற்பவே பொருள் கொள்வான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒற்றைக்கண் அரக்கன் பொலிபீமஸ் கதை இதன் கொடிய வடிவம். கடல்மகள் கலாத்தியாவுக்காக அவன் அரிவாளால் தாடியைத் திருத்திக்கொண்டான். நாணற்குழல் ஊதிப் பாடினான். அதுவரை அவன் நகைப்புக்கும் இரக்கத்துக்கும் உரியவன். அவள் ஏசிஸ் என்னும் இளைஞனோடு இருக்கக் கண்டதும் பாறையைப் பெயர்த்து எறிந்து அவனைக் கொன்றான். பாறையின் அடியிலிருந்து கசிந்த குருதி தெளிந்து ஓர் ஆறாகியது என்பது கதை.

குற்றம் சாட்டும் காதல்

மறுத்தவர்மீது பழி சுமத்தும் கதைகளும் உண்டு. இஃபிஸ் என்னும் எளிய இளைஞன், உயர்குடிப் பெண்ணான அனக்சரேட்டியை விரும்பினான். அவள் ஏளனம் செய்து மறுத்தாள். அவன் அவள் வீட்டு வாயிலிலேயே உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் இறுதி ஊர்வலத்தைச் சாளரத்தின் வழியே பார்த்த அவள் கல்லானாள்.

இக்கதையைச் சொல்பவன் யார் என்பதே சிந்தனைக்குரியது. பொமோனா என்னும் பழத்தோட்டத் தெய்வமகளை அடைய விரும்பிய வெர்டும்னஸ், கிழவி வேடம் பூண்டு வந்து, அவள் மனத்தைக் கரைக்க இதனைச் சொல்கிறான். மறுத்தால் இக்கதியே நேரும் என்னும் அச்சுறுத்தல் அறிவுரைபோல் வேடமிட்டு வருகிறது. ஏளனம் குற்றமாகலாம், மறுப்பு குற்றமாகாது. இவ்வேறுபாட்டைக் கதை மறைத்துவிடுகிறது. காதலை மறுத்த பெண்கள் தாக்கப்படும் கொடுமை இன்றளவும் ஓயவில்லை. ஆகையால் இக்கதைகளை வெறும் கற்பனை எனத் தள்ளிவிடுவதற்கில்லை; அவற்றை எவ்வாறு பாடுவது என்பதும் வெறும் இலக்கிய வினா அன்று.

எஞ்சிய குரல்

எக்கோவின் கதை சற்றே வேறானது. தேவியின் சாபத்தால் பிறர் கூறும் கடைசிச் சொற்களை மட்டுமே திருப்பிச் சொல்லக்கூடியவள் அவள். நார்சிசஸைக் கண்டு காதலித்தாள், அணைக்க விரைந்தாள், அவன் உதறி ஓடினான். அவள் அவனைத் துரத்தவில்லை. காட்டிலும் குகையிலும் ஒதுங்கினாள். உடல் தேய்ந்தது, எலும்பு கல்லானது, குரல் மட்டும் எஞ்சியது. பின்னர் அவன் நீரில் தெரிந்த தன் நிழலையே விரும்பி மாய்ந்தபோது, அவன் சொன்ன விடையைத் திருப்பிச் சொன்னவளும் அவளே.

மறுப்பைக் கேட்டதும் நின்றதில் எக்கோ அப்பல்லோவினும் உயர்ந்தவள். எனினும் தன்னையே அழித்துக்கொண்டதை அறத்தின் எல்லை எனப் போற்றுதல் தகாது. பிறரை ஒறுக்காத அன்பு தன்னையும் ஒறுக்காதிருத்தல் வேண்டும்.

வடிவம் தரும் விடை

ஹைக்கூ இங்கு எவ்வாறு துணை செய்யும்? ஜப்பானிய மொழியில் 5, 7, 5 என 17 ஒலியசைகள் கொண்ட இக்கவிதை, தொடர்கவிதையின் தொடக்கப் பகுதியாக இருந்து தனித்து வளர்ந்தது. பாஷோ (1644–1694) அதனை உயர்கலையாக்கினார். ஹைக்கூ என்னும் பெயரை மசவோகா ஷிகி (1867–1902) நிலைபெறச் செய்தார். பாரதியார் 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் எழுதிய ஜப்பானியக் கவிதை பற்றிய கட்டுரையால் அது தமிழர்க்கு அறிமுகமாயிற்று. இயற்கையைப் பாடும் வடிவத்தில் காதலுக்கு இடமுண்டா எனச் சிலர் ஐயுறலாம். ஜப்பானியத் தொடர்கவிதையில் காதலைப் பாடும் பகுதிக்குத் தனியிடம் உண்டு. மேலும் கிரேக்கக் கதைகள் மரத்திலும் ஆற்றிலும் மலையொலியிலும் முடிகின்றன. ஆகவே தெய்வங்களின் பெயரைச் சொல்லாமலே ஹைக்கூ அக்கதைகளுக்குள் நுழையலாம்.

பைனைப் பற்றிப் பைனிடமே கற்க வேண்டும் என்பது பாஷோ தம் மாணவர்க்குக் கூறியதாக வழங்கும் அறிவுரை. பார்ப்பவன் தன் விருப்பத்தைப் பொருளின்மேல் ஏற்றாமல், அப்பொருளை அதுவாகவே காண வேண்டும் என்பது அதன் கருத்து. இதனையே காதலுக்குப் பொருத்தினால், டாப்னியைப் பற்றி டாப்னியிடமே கற்க வேண்டும் என்றாகும். அப்பல்லோ கற்கத் தவறியது இதுவே.

மாணவன் ஒருவன் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்:

கல்நெஞ்சே, டாப்னியே!
நீ மரமானாய்;
நான் விறகானேன்.

சொல்நயம் உண்டு, வகுப்பில் கைத்தட்டலும் கிடைக்கும். எனினும் இது ஓடியவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. மூன்றடிக்குள் துரத்தல் தொடர்கிறது. அவனே சற்று ஆறியிருந்து மீண்டும் எழுதினால், இப்படி அமையலாம்:

தலையசைக்கிறது
லாரல் கிளை.
காற்று நின்றது.

இதில் குற்றச்சாட்டு இல்லை, புலம்பலும் இல்லை. காற்று நின்றதும் கிளையும் நிற்கும். இசைவு எனக் கொண்டது காற்றின் வேலை என்பதை வாசகன் தானே உணர்கிறான், காதலனும் உணர்கிறான். எக்கோவைப் பாடுவதாயின்:

பள்ளத்தாக்கில்
அவன் போன பின்னும்
அவன் சொல்.

அவள் துயரம் ஒரு சொல்லாலும் கூறப்படவில்லை. ஆயினும் குறைவின்றி நிற்கிறது. ஹைக்கூவில் உள்ள வெட்டு, பேச்சை நிறுத்தும் இடமாகும். எங்கே நிறுத்துவது என்று அறிவது கவிதைக்கு அழகு. காதலுக்கோ அதுவே அறம்.

தமிழ் மரபின் அளவுகோல்

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதிதன்று. மறுமொழி கிடையாத நிலையிலும் சொல்லித் தானே இன்புறும் ஒருதலைக் காமத்தைத் தொல்காப்பியர் கைக்கிளைக் குறிப்பாக வகுத்தார். மடலேறுதலையும், மிக்க காமத்தால் வலிந்து மேற்செல்லுதலையும் அதனின்று பிரித்துப் பெருந்திணையில் வைத்தார். இன்பம் சொல்வதோடு அமைதல் ஒன்று. ஊரறியச் செய்தோ வலிந்தோ பெற முயலுதல் மற்றொன்று. இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கின், துரத்திய அப்பல்லோவும், பாறை எறிந்த பொலிபீமஸும், மறுத்தவளின் வாயிலில் உயிர்விட்ட இஃபிஸும் கைக்கிளையின் எல்லையைக் கடந்தவர்களே. சொல்லி அமையும் மூவடிக் கவிதையோ அவ்வெல்லைக்குள் நிற்கிறது.

ஒருதலைக் காதல் துன்பம் அன்று எனக் கூறுவார் இலர். தனிப்படர் மிகுதி அதிகாரத்தில் வள்ளுவர், காவடித் தண்டின் இருபுறமும் சுமை ஒத்திருப்பது போலக் காமமும் இருபாலும் இருந்தால்தான் இனிது என்றார். ஒருபுறம் மட்டும் சுமை தொங்கினால் தோள் நோகும், அது மெய். ஆயினும் அந்த நோவைக் காட்டி, மறுபுறத்துச் சுமையை மற்றவர்மேல் வலிந்து ஏற்ற எவர்க்கும் உரிமை இல்லை. தண்டை இறக்கி வைக்கலாம், இளைப்பாறலாம், மூன்றடி எழுதலாம், பின்னர் எழுந்து தன் வழியே நடக்கலாம்.