உப்பில் ஊறும் ஜல்லி

லேப்பில் கல்லை இரண்டு விதமாக வதைக்கிறோம். ஒன்று சத்தமானது. லாஸ் ஏஞ்சல்ஸ் டிரம்மில் ஐந்து கிலோ ஜல்லியையும் இரும்புக் குண்டுகளையும் போட்டு 500 சுற்று ஓடவிட்டால் பக்கத்து அறையில் போன் பேச முடியாது. கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மற்றது சவுண்ட்னெஸ், கல் வெயிலையும் பனியையும் தாங்கி நிற்குமா என்று பார்க்கும் சோதனை. சோடியம் சல்பேட் கரைசலில் 16 முதல் 18 மணி நேரம் ஊறல். பிறகு வடித்து, 105-110 டிகிரி ஓவனில் எடை மாறாமல் நிற்கும்வரை காய்ச்சல். ஆறியதும் மறுபடி ஊறல். இப்படி ஐந்து சுற்று. ஒரு வாரம் போல ஓடிவிடும். ஒரு சத்தமும் இருக்காது.

எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

*

ஓவன் சூடுதான் கல்லை விரிசல் விடச் செய்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அப்படியில்லை. காயும்போது கரைசலின் தண்ணீர் போய், நீரற்ற உப்பு மட்டும் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடுகிறது. அடுத்த முறை ஊறவைக்கும்போது அந்த உப்பு கரைந்து, ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு புதிய படிகமாகிறது. பருமன் மூன்று மடங்குக்கும் மேல். இடம் போதாமல் துளையின் சுவரைத் தள்ளுகிறது. கல் உடைவது நனையும் நேரத்தில். ட்ரேயை மூடிவைத்து நாம் வீட்டுக்குப் போன பிறகுதான் வேலையே நடக்கிறது.

*

பிரார் என்ற பிரெஞ்சுக்காரரின் இந்த முறை 1828-ல் அச்சில் வந்தது. அவர் கவலை உப்பு அல்ல, உறைபனி. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பருக்கும். மோசமான கட்டடக்கல் சில குளிர்காலங்களில் பொடிந்து உதிரும். அதைக் கண்டுபிடிக்கக் குளிர்காலம்வரை யார் காத்திருப்பது? பனிக்கட்டிக்குப் பதிலாக உப்புப் படிகத்தை வைத்தார்.

நமது ஐஎஸ் 383 தரநூலும் உறைபனிக்கு ஆளாகக்கூடிய கான்கிரீட்டைச் சொல்லித்தான் இந்தச் சோதனையைக் கேட்கிறது. பெரிய ஜல்லிக்கு சோடியம் சல்பேட்டில் 12 சதவீதம், மெக்னீசியம் சல்பேட்டில் 18 சதவீதம்வரை எடை இழப்பு இருக்கலாம். உறைபனியையே பார்க்காத சென்னையில் எதற்கு இது என்று சைட் இன்ஜினியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கடற்கரையில் நிலைமையே தலைகீழ். அங்கே உப்பு எதற்கும் பதிலாள் அல்ல. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கற்களில் காகிதக் கூழை அப்பி, உள்ளே ஏறிய உப்பைத் தொல்லியல் துறையினர் உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். பிரார் பாவனையாக வைத்தது இங்கே நிஜமாகவே நடக்கிறது.

*

சென்னைக்குத் தெற்கே கிடைக்கும் கருங்கல் பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லை வைத்துத்தான் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தப் பெயரைச் சூட்டினார். பரங்கிமலையும் பல்லாவரமும் அந்தக் கல்தான். அது குடிக்கும் தண்ணீர் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உப்பு உள்ளே போக வழியே இல்லாதபோது ஐந்து சுற்றென்ன, பத்துச் சுற்றென்ன? புது வெட்டில் எடுத்த சார்னோக்கைட் 12 சதவீதத்தின் பக்கத்திலேயே போகாது.

*

ஐந்து சுற்றும் முடிந்தபின் கழுவ வேண்டும். கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெண்மையாகக் கலங்கக்கூடாது. கலங்கினால் உப்பு மிச்சம் இருக்கிறது. அதற்கப்புறம்தான் காயவைத்துச் சலிப்பது. சல்லடையில் விழுந்தது இழப்பு, நின்றது தேறியது.

20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களைக் கண்ணால் பார்த்தும் எழுதச் சொல்கிறது தரநூல்: எத்தனை பிளந்தன, எத்தனை பொடிந்தன, எத்தனை செதில் செதிலாக உரிந்தன. பலர் இந்தப் பத்தியை நிரப்புவதே இல்லை. எனக்கென்னவோ சதவீதத்தைவிட இதில்தான் விஷயம் இருப்பதாகப் படுகிறது. ஒரே கல்லைச் சோதித்தாலும் வெவ்வேறு லேப்களின் எண்கள் வெகுவாக விலகிப்போகலாம் என்று அமெரிக்கத் தரநூலே ஒப்புக்கொள்கிறது. உரிந்த கல்லோ யார் பார்த்தாலும் உரிந்த கல்தான்.

*

ரிப்போர்ட்டின் அடியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: முடிவுகள் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். தப்பித்துக்கொள்ளப் போட்ட வரி என்று காண்ட்ராக்டர்கள் சிரிப்பார்கள். குவாரிக்குப் போய்ப் பார்த்தவர் சிரிக்கமாட்டார். மேலே சில அடிக்கு மழையும் வெயிலும் தின்ற கல், பழுப்பேறி, சுத்தியல் பட்டால் மங்கிய ஓசை தரும். கீழே கணீரென்ற கல். க்ரஷரில் இரண்டும் ஒரே குவியலாக விழும். அந்தக் குவியலைப் பல இடத்தில் தோண்டி எடுத்து, கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கு இரண்டை எடுத்துக்கொண்டு வர வேண்டும். சாக்கில் வருவதோ பெரும்பாலும் குவியலின் ஓரத்தில் கைக்கு எட்டிய ஜல்லி, அதுவும் அனுப்புகிறவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது.