குடைக்குள் எனக்கும் இடம்

சிறுவர் சித்திரக்கதை ஒன்றுக்கு அட்டைப்படம் வரைந்து முடித்திருந்தேன். கோவர்த்தன கிரியைத் தூக்கி நிற்கும் ஏழு வயதுக் கண்ணன். நம் கண்ணுக்குப் பழகிய அமைப்புதான்: நடுவே சுண்டுவிரல், நுனியில் குன்று, மேகத்துக்குள் ஐராவதத்தில் இந்திரன், குறுக்கே மின்னல். பதிப்பாசிரியருக்கும் பிடித்திருந்தது. அச்சுக்குப் போகுமுன் மாமல்லபுரம் போகும் பாக்கியம் வாய்த்தது. கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தனச் சிற்பம் செதுக்கிய பாறையின் முன் நின்றேன். அவன் என்னை ஆட்கொண்டான்!

அந்தச் சிற்பத்தில் மலை என்று தனியாக எதையும் செதுக்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி கண்ணனின் இடக்கையை உயர்த்தி, உள்ளங்கையை அப்படியே பாறைக்குக் கொடுத்துவிட்டான். பாறையேதான் கோவர்த்தனம். விஜயநகர காலத்தில் முன்னால் மண்டபம் எழுந்ததால் இன்று நம் தலைக்கு மேலும் கல் கவிந்திருக்கிறது. பார்க்க வந்தவர்களும் மலையடியில் ஒதுங்கிய ஆயர்கள் ஆகிவிடுகிறார்கள். கோவிந்தா, உன் குடைக்குள் எனக்கும் இடமா!

வலக்கை தாழ்ந்து வரம் தருகிறது. பாரம் சுமக்கும் சிரமம் அந்தத் திருமேனியில் எங்குமே இல்லை. மலையைத் தாங்கிய விரல்கள் வாடவில்லை, நகங்கள் நோகவில்லை என்று பெரியாழ்வார் உருகுவாரே, அந்த உருக்கம் கல்லில் நிற்கிறது. அவர் பாடிய கோவர்த்தனத்தில் மந்திகள் அனுமன் புகழைப் பாடித் தம் குட்டிகளைத் தூங்கவைக்கும். தூக்கிய மலையிலும் தாலாட்டு நிற்கவில்லை!

பக்கத்தில் பலராமன் ஓர் ஆயனைத் தோளோடு அணைத்து நிற்கிறான். சற்றுத் தள்ளி ஒருவன் உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. ஒருவன் குழல் ஊதுகிறான். பெண்கள் தலையில் சுமையோடு நடக்கிறார்கள். வெளியே ஏழு நாள் அடைமழை, உள்ளே பால் கறக்கும் நேரம்! மலை உயர்ந்ததைவிட அந்தப் பசு பயமில்லாமல் மடி சுரந்ததுதான் எனக்குப் பேரதிசயம். கண்ணீரில் சிற்பம் மறைந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

திரும்பி வந்து புதுத் தாளில் தொடங்கினேன். இந்திரனுக்கு இப்போது அட்டையில் இடமில்லை. மலை மேல் விளிம்பையும் தாண்டிப் போகிறது, அதன் உச்சி தாளில் கிடையாது. அட்டையின் மேற்பகுதியைத் தலைப்புக்கு விடுவது எங்கள் தொழில் வழக்கம். அந்த எழுத்துகளைப் பாறையிலேயே அமர்த்திவிட்டேன். கண்ணன் நடுவிலிருந்து இடப்பக்கம் நகர்ந்தான். நீலம் அவன் ஒருவனுக்கு மட்டும். மழை இரு ஓரங்களிலும் மெல்லிய கோடுகளாகச் சுருங்கியது. கீழ்ப்பாதி முழுவதும் பசு, கன்று, கறவைச் செம்பு, குழந்தைகள். படத்தில் ஆயர்களின் கூட்டம் முன்பக்கம் திறந்தே இருக்கிறது; புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளை நிற்பதற்கான இடம் அது.

அட்டையில் மோதல் இருந்தால்தான் கடையில் கை நீளும் என்பார்கள். வில்லும் வாளும் உள்ள கதைகளுக்கு அது சரி. இந்தக் கதைக்கு அபயம்தான் அட்டை.

மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலோடும் ஐந்து ரதங்களோடும் திரும்பிவிடாதீர்கள். அர்ஜுனன் தபசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கிருஷ்ண மண்டபம். பிள்ளைகளை அழைத்துப்போய், முதலில் அந்தப் பசுவைக் காட்டுங்கள்.